சாட்சி சொல்ல முடியாதவர்களின் வீடு

நோன்புப் பெருநாள் கழிந்து ஒரு கிழமை இருக்கும். மருதமுனையிலிருந்து தங்கச்சி தொலைபேசியில் அழைத்தாள். "காக்கா, இனி என்னால ஏலா. உம்மாவ வச்சிப் பாக்கிறதுக்கு நல்ல இடமொண்டு இருந்தா விசாரிச்சிப் பாருங்க" என்றாள். அவள் அழவில்லை. அழுதிருந்தால் நாலு ஆறுதல் வார்த்தை சொல்லி அத்தோடு விட்டிருப்பேன். அவள் சொன்ன 'நல்ல இடம்' என்ற இரண்டு சொற்கள்தான் இந்தக் கட்டுரையை எழுத வைத்தன. நல்ல இடம் என்பதை எப்படிக் கண்டுகொள்வது? அங்கே இருக்கப்போகிறவரால் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாது என்றால், அது நல்ல இடம்தான் என்று யார் சாட்சி சொல்வது?

உம்மாவுக்கு இப்போது 76 வயது. ஆறு வருடங்களாக மறதிநோய். வைத்தியர்கள் டிமென்ஷியா என்கிறார்கள். வயதானால் எல்லோருக்கும் வரும் சாதாரண மறதியல்ல அது. மூளையின் கலங்கள் படிப்படியாகச் சேதமடைவதால் வரும் நோய். அல்ஷைமர் நோய் அதன் மிகப் பரவலான வடிவம். உலகில் 55 மில்லியனுக்கும் அதிகமானோர் இந்நோயோடு வாழ்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நமது நாட்டில், ராகமையில் நடத்தப்பட்டு 2003இல் வெளியான ஆய்வொன்று, 65 வயதைத் தாண்டியவர்களில் நூற்றுக்கு நான்கு பேரளவில் இந்நோய் காணப்பட்டதாகச் சொன்னது.

இளமையில் உம்மா தறியில் இருந்தவர். எந்த நூல் எங்கே அறுந்தது என்று விரலாலேயே கண்டுபிடித்து முடிச்சுப் போடுவார். இப்போது மகளின் பெயர் அவருக்குத் தெரியாது. அஸர் கழிந்தால் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு வாசலுக்கு வந்து நிற்பார். "ஊட்ட போகணும் மனே" என்பார். அவர் நிற்பது அவருடைய மகளின் வீட்டு வாசலில்தான். அவர் போகக் கேட்கும் வீட்டை 2004 டிசம்பர் 26இல் கடல் எடுத்துக்கொண்டது. சில நாட்களில் அதற்கும் முந்திய வீட்டைக் கேட்பார். அது அவருடைய உம்மாவின் வீடு.

எங்கள் கரையோரத்தில் வீடு பெண்ணுக்குரியது. தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் பொதுவான வழமை இது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் களஆய்வு செய்த அமெரிக்க மானிடவியலாளர் டெனிஸ் மெக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இந்தத் தாய்வழிக் குடிமுறையைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். வழமைப்படி நான் மணமுடித்து மனைவியின் வீட்டுக்கு, அக்கரைப்பற்றுக்கு வந்தேன். ஆலையடிவேம்பில் படிப்பிக்கிறேன். உம்மா தங்கச்சியோடு இருக்கிறார். பெற்றோருக்குச் செய்யவேண்டிய கடமைகளை ஜும்ஆப் பிரசங்கத்தில் கேட்டுத் தலையாட்டுகிறவர்கள் நாங்கள், ஆண்கள். பிரசங்கம் நடந்துகொண்டிருக்கும் அதே நேரத்தில் உம்மாவின் படுக்கைவிரிப்பைக் கழுவிக்கொண்டிருப்பவள் மகள். இது போதாதென்று, எங்கள் பகுதிப் பெண்கள் பலர் சவூதியிலும் குவைத்திலும் யாரோ ஒருவருடைய தாயைத் தூக்கி இருத்தி ஊட்டிவிடுகிறார்கள். அவர்களுடைய உம்மாமாரை இங்கே பார்ப்பது யார் என்ற கேள்வியை எந்த மேடையிலும் நான் கேட்டதில்லை.

தங்கச்சி கேட்டபடி விசாரித்தேன். எங்கள் மாவட்டத்துக்கு வெளியே ஒரு நகரத்தில், மறதிநோயாளரையும் ஏற்கும் முதியோர் இல்லமொன்று இருப்பதாக அறிந்து, முன்கூட்டியே அறிவித்துவிட்டுப் போனேன். ஆசிரியனல்லவா, கையில் ஒரு பட்டியலும் கொண்டுபோனேன். பதிவுச் சான்றிதழ் சுவரில் இருந்தது. தரை பளபளத்தது. மலசலகூடத்தில் பிடித்துக்கொள்ளக் கம்பி பொருத்தியிருந்தார்கள். ஹலால் உணவு தருவதாகச் சொன்னார்கள். மருந்துப் பதிவேடு ஒழுங்காக இருந்தது. கூடத்தில் பதினொரு கதிரைகள், பதினொரு முதியவர்கள், எதிரே ஒரு தொலைக்காட்சி. ஒரு சத்தமில்லை. பட்டியலில் எல்லாவற்றுக்கும் சரி போட்டுக்கொண்டு திரும்பினேன்.

மறுநாள் பாடசாலையில் சக ஆசிரியை ஒருவரிடம் இதைச் சொன்னேன். அவர் ஆலையடிவேம்பைச் சேர்ந்த தமிழ்ப் பெண். அவருடைய அம்மாவும் இதே நோயில் கிடந்து காலமானவர். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "சேர், நீங்க பாத்தது அவங்கட பாடக்குறிப்புப் புத்தகத்த. பிள்ளையள நீங்க பாக்கல்ல" என்றார்.

ஆசிரியத் தொழிலில் இருப்போருக்கு இதற்குமேல் விளக்கம் தேவைப்படாது. மேற்பார்வைக்கு அதிகாரிகள் வரும் நாளில் எங்கள் பாடசாலைகள் எப்படி இருக்கும்? சுவரில் புதிய அட்டைகள் தொங்கும். வரவுப் பதிவேடு மை காயாமல் இருக்கும். பிள்ளைகள் மூச்சுவிடாமல் இருப்பார்கள். அந்த அமைதியைப் பார்த்து 'நல்ல வகுப்பு' என்று எழுதிப்போன அதிகாரியும் உண்டு. பயத்தில் வந்த அமைதிக்கும் பாடத்தில் ஆழ்ந்த அமைதிக்கும் வித்தியாசம் அறிய, அவர் ஒரு பிள்ளையின் பக்கத்தில் போய்க் குந்தியிருக்க வேண்டும்.

மறதிநோயாளர் இல்லத்தின் அமைதியை இன்னும் அதிகமாகச் சந்தேகிக்க வேண்டும். 2009இல் பிரித்தானிய அரசுக்குச் சமர்ப்பிக்கப்பட்ட அறிக்கையொன்று, அந்நாட்டில் மறதிநோயாளர் சுமார் 180,000 பேருக்கு ஒரு வருடத்தில் மனநோய்க்கான மருந்துகள் கொடுக்கப்படுவதாகவும், அதனால் வருடத்துக்கு ஏறக்குறைய 1,800 மேலதிக மரணங்கள் நேர்வதாகவும் மதிப்பிட்டது. அந்த மருந்து சிலருக்குத் தேவைப்படலாம். ஆனால் அழைப்பவருக்குப் பதில் சொல்ல ஆளில்லாத இடத்தில், அழைக்காமல் இருக்கச்செய்யும் வழியாகவும் அது பயன்படும். வருகிறவர்கள் அதைக் கண்டு 'எவ்வளவு அமைதியான இடம்' என்று சொல்லிப்போவார்கள்.

கண்காணிப்பு முறைகள் நிறைந்த நாடுகளில் இப்படி நடக்காது என்று நினைப்போருக்கு ஒன்ராறியோவைச் சொல்லலாம். நமது நாட்டுத் தமிழர் பெருந்தொகையாக வாழும் கனடாவின் மாகாணம் அது. 2020 ஏப்ரலில், கொரோனா பரவியபோது, அங்கே ஐந்து நீண்டகாலப் பராமரிப்பு இல்லங்களுக்கு உதவ இராணுவத்தை அனுப்பினார்கள். அவற்றில் ஒன்று, தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவில் இருந்தது. உள்ளே போன படையினர் கண்டதை எழுதிய அறிக்கை அவ்வருடம் மே 26ஆம் திகதி பகிரங்கமானது. பூச்சிகள், அழுக்கில் விடப்பட்டவர்கள், தொண்டை அடைக்க அடைக்க ஊட்டப்பட்டவர்கள், உதவி கேட்டு நெடுநேரம் கத்தியும் எவரும் வராதவர்கள் என்று அது நீள்கிறது. இவை எல்லாம் உரிமம் பெற்ற, சட்டப்படி மேற்பார்வைக்கு உட்பட்ட இல்லங்கள். ஆனால் 2019இல் அம்மாகாணத்தின் 626 இல்லங்களில் ஒன்பதே ஒன்பதில்தான் முழுமையான தரப் பரிசோதனை நடந்திருந்தது என்று கனேடிய ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் வெளிக்கொணர்ந்தது. பெரும்பாலும் முறைப்பாடு வந்த பிறகே போய்ப் பார்த்தார்கள். முறைப்பாடு செய்ய முடியாதவர்கள் வாழும் இடத்தை முறைப்பாட்டை வைத்து மேற்பார்வை செய்வதில் உள்ள முரண்பாடு, ஏறக்குறைய நாலாயிரம் முதியவர்கள் இறந்த பிறகே அங்கே உறைத்தது. 2021இல் புதிய சட்டம் கொண்டுவந்து, ஒரு முதியவருக்கு நாளொன்றுக்குச் சராசரியாக நான்கு மணித்தியால நேரடிப் பராமரிப்பு என்ற இலக்கை வைத்தார்கள். நான்கு மணித்தியாலம் என்பது நல்ல இலக்குத்தான். அந்த நான்கு மணித்தியாலத்தில் என்ன குரலில் பேசினார்கள் என்பதை எந்த இலக்கமும் சொல்லாது.

ஆசிரியை சொன்னது மனதைக் குடைந்தது. அடுத்த மாதம் சொல்லாமல் கொள்ளாமல், அஸர் நேரத்தில் அதே இல்லத்துக்குப் போனேன். மறதிநோயாளர் பலருக்கு மாலையில்தான் தவிப்புக் கூடும். எங்கள் உம்மா வாசலுக்கு வரும் நேரம் அது. அன்று கூடத்தில் அமைதியில்லை. ஒரு முதியவர் கேட்டைப் பிடித்து ஆட்டிக்கொண்டு திறக்கச் சொல்லிக் கத்தினார். சீருடை போட்ட ஒருவர் "உள்ள போய் இரிங்க" என்று அதட்டினார். பிறகு, கூட்டித் துடைக்கும் வேலை பார்க்கும் பெண்ணொருத்தி ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். கேட்டைத் திறக்கவுமில்லை, போகக்கூடாது என்று சொல்லவுமில்லை. "நேரம் இருக்குத்தானே, கொஞ்சம் நடப்பம்" என்று அவருடைய கையைப் பிடித்துக்கொண்டு முற்றத்தை மூன்று முறை சுற்றிவந்தார். எந்த வழித்தடம், கூட்டம் எப்படி என்று கேட்டுக்கொண்டே நடந்தார். மூன்றாவது சுற்றில் முதியவர் தேத்தண்ணீர் கேட்டார். "முந்தி இவர் பஸ் கொண்டக்டர் சேர். இந்த நேரம் அவர் டிப்போவுக்குப் போக வேணும்" என்று அந்தப் பெண் எனக்குச் சொன்னார்.

எனது பட்டியலில் இதற்கு ஒரு வரி இருக்கவில்லை. அந்த இல்லத்தின் பதிவேட்டிலும் இருக்காது. அங்கே ஆகக்குறைந்த சம்பளம் வாங்குபவர் அவர்தான் என்பதைப் பின்னர் கேட்டு அறிந்தேன். நெதர்லாந்தின் வீஸ்ப் நகரில் 2009இல் திறக்கப்பட்ட ஹோகவெய்க் என்ற மறதிநோயாளர் குடியிருப்பில், அவரவர் முன்பு வாழ்ந்த முறையை ஒட்டி வீடுகளை அமைத்து, கடையும் தெருவும் வைத்திருக்கிறார்கள். உலகமெல்லாம் அதைப் போய்ப் பார்க்கிறது. அதன் அடிப்படையில் இருக்கும் அறிவு, இந்த மனிதன் யாராக இருந்தான் என்று தெரிந்து வைத்திருப்பது. ஈரக்கையோடு வந்த அந்தப் பெண்ணிடமும் அது இருந்தது.

இப்போது மையமான கேள்விக்கு வருவோம். அந்த முதியவரை ஒருவர் அதட்டினார், ஒருவர் கைபிடித்து நடத்தினார். ஐந்து நிமிடத்தில் அவர் இரண்டையும் மறந்திருப்பார். மறந்துபோன நன்மைக்கு என்ன பெறுமதி? மறந்துபோன தீங்கு தீங்குதானா?

இதை எவரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. ஆனால் நடைமுறையில் நாம் ஒவ்வொரு நாளும் விடை சொல்லிக்கொண்டிருக்கிறோம். "அவவுக்கு என்ன விளங்கப்போகுது" என்று சொல்கிறபோதெல்லாம், மறந்துபோவது கணக்கில் வராது என்று தீர்ப்பளிக்கிறோம். இந்தத் தீர்ப்புக்குப் பின்னால் ஒரு பழைய தத்துவமும் இருக்கிறது. நேற்றைய நானும் இன்றைய நானும் ஒருவரே என்று சொல்லவைப்பது நினைவின் தொடர்ச்சிதான் என்று 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலச் சிந்தனையாளர் ஜோன் லொக் வாதித்தார். நினைவு அறுந்தால் ஆள் அறுந்துபோகிறார் என்று அதை நீட்டிவிடுவது சுலபம். பிறகு அங்கே எஞ்சியிருப்பது ஊட்டவும் கழுவவும் வேண்டிய ஓர் உடம்பு மாத்திரம்தான்.

இதற்கு விஞ்ஞானம் தரும் ஒரு பதில் உண்டு. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் அல்ஷைமர் நோயாளர் 17 பேருக்குச் சோகமான படத்துண்டுகளையும் மகிழ்ச்சியான படத்துண்டுகளையும் காட்டிச் செய்த ஆய்வு 2014இல் வெளியானது. சற்று நேரத்தில் அவர்கள் பார்த்த காட்சிகளைப் பெரும்பாலும் மறந்துவிட்டார்கள். ஆனால் காட்சி கிளப்பிய சோகமும் மகிழ்ச்சியும் மறதியைத் தாண்டி நின்றன. அதட்டியவரை மறந்துபோன முதியவர், ஏன் என்று தெரியாமலே கலங்கிப்போய் இருப்பார். காரணம் தெரிந்த கவலையை யாரிடமாவது சொல்லி ஆறலாம். காரணம் மறந்த கவலையை என்ன செய்வது?

அந்தச் சுவடும் இல்லாமல் போகிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போது என்ன? நம்மில் எவருக்கும் முதல் இரண்டு வயது நினைவில்லை. இரவில் எத்தனை முறை உம்மா எழுந்தார், எத்தனை முறை துணி மாற்றினார், காய்ச்சலில் எப்படி மடியில் போட்டு ஆட்டினார் என்பதில் ஒரு கணம்கூட நமக்கு ஞாபகமில்லை. மறக்கப்படும் பராமரிப்புக்குப் பெறுமதி இல்லையென்றால், நமது தாய்மார் செய்ததிலேயே ஆகப்பெரிய வேலை பெறுமதியற்றதாகிவிடும். அப்படிச் சொல்ல நமக்கு மனம் வருமா? பிள்ளை வளர்ந்து பலன் தரும், முதியவர் அப்படியல்ல என்று சிலர் வித்தியாசம் காட்டலாம். பலனைக் கணக்கிட்டா உம்மா எழும்பினார்? பிள்ளை அழுதது, எழும்பினார். அந்தக் கணத்தின் அழுகை அந்தக் கணத்தில் உண்மையாக இருந்தது என்பதே போதுமாக இருந்தது.

மார்க்கம் அறிந்தவர்கள் இதை வேறு விதமாகச் சொல்வார்கள். உறங்குபவர், சிறுபிள்ளை, புத்தி பேதலித்தவர் ஆகிய மூவரிடமிருந்தும் எழுதுகோல் உயர்த்தப்பட்டிருக்கிறது என்ற கருத்துள்ள நபிமொழியை நாம் அறிவோம். உம்மா மஃரிபைத் தொழாமல் விட்டாலும் அவர்மீது எழுதப்படாது. ஆனால் அவர் விடயத்தில் நம்மீது எழுதும் கோல் உயர்த்தப்படவில்லை. பெற்றோர் முதுமை அடையும்போது அவர்களிடம் 'சீ' என்ற அளவுக்கும் சொல்லாதிருக்கக் கற்பிக்கும் குர்ஆன், அவர்கள் அந்தச் சொல்லை நினைவில் வைத்திருப்பார்களா என்று நிபந்தனை வைக்கவில்லை.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நல்ல பராமரிப்பு என்பது யாருக்கு நல்லது? முன்பிருந்த உம்மாவுக்கா, இப்போதிருக்கும் உம்மாவுக்கா? அமெரிக்கச் சட்டத் தத்துவவாதி றொனால்ட் டுவொர்க்கின் 1993இல் எழுதிய நூலில், ஒருவர் தெளிவோடிருந்த காலத்தில் தமது வாழ்வுக்குக் கொடுத்த வடிவத்தை மறதிக்குப் பின்னரும் மதிக்க வேண்டும் என்றார். றெபேக்கா டிரெஸ்ஸர் இதை மறுத்தார். இப்போது எதிரே இருக்கும் மனிதருடைய இன்பதுன்பம்தான் முதலில் வரவேண்டும் என்பது அவருடைய வாதம்.

எங்கள் வீட்டில் இந்த வாதம் ஒவ்வொரு மாலையும் நடக்கிறது. உம்மா சில நாட்களில் மஃரிபை மூன்று தடவை தொழுவார். தொழுதாயிற்று என்று தங்கச்சி சொன்னால் அழுவார். நான்காம் தடவையும் முசல்லாவை விரித்துக்கொடுத்தால் யாருக்கு என்ன நட்டம்? இங்கே முன்பிருந்த உம்மாவும் இப்போதிருக்கும் உம்மாவும் கேட்பது ஒன்றையே. ஆனால், வாழ்நாளெல்லாம் அந்நிய ஆண்முன் தலை திறக்காதிருந்தவர், இப்போது வெக்கையில் முக்காட்டை இழுத்து எறிகிறார். வலுவில் போட்டுவிட்டால் இப்போதிருக்கும் உம்மா துன்பப்படுகிறார். அப்படியே விட்டால் முன்பிருந்த உம்மாவுக்கு யாரும் இல்லை. தங்கச்சி என்ன செய்கிறாள்? ஆட்களில்லாதபோது காற்று வரும் யன்னலடியில் அவரைத் திறந்த தலையோடு இருக்கவிடுகிறாள். வெளி ஆள் வரும் சத்தம் கேட்டால் மெல்லிய துணியொன்றை, ஒன்றும் சொல்லாமல், தோளிலிருந்து ஏற்றிவிடுகிறாள். டுவொர்க்கினையும் டிரெஸ்ஸரையும் அவள் அறியமாட்டாள். ஓர் இல்லத்தை மதிப்பிடப் போகிறவர் பார்க்கவேண்டிய விடயங்களில் இதுவும் ஒன்று. குளிப்பாட்டும்போது கதவு சாத்தப்படுகிறதா? அந்த மனிதர் எதை மானம் என்று கருதி வாழ்ந்தார் என்பதை அறிந்தவர் எவராவது அங்கே உண்டா?

இங்கிலாந்தின் பிராட்போர்ட் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய டொம் கிட்வுட் இந்தத் துறையில் முக்கியமானவர். மனிதத் தகுதி என்பது மூளைக்குள் பூட்டிவைத்த பொருளல்ல, சுற்றியிருப்போர் ஒருவரை மனிதராக நடத்துவதில் தங்கியிருக்கிறது என்ற கருத்தை 1997இல் வெளியான தமது நூலில் அவர் வலியுறுத்தினார். அவரும் அவருடைய குழுவினரும் ஒரு மதிப்பீட்டு முறையையும் உருவாக்கினார்கள். பயிற்சி பெற்ற ஒருவர் இல்லத்தின் பொதுக்கூடத்தில் பல மணித்தியாலம், வழக்கமாக ஆறு மணித்தியாலம்வரை அமர்ந்திருப்பார். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒவ்வொரு நோயாளரும் என்ன செய்கிறார், முகம் எப்படி இருக்கிறது, யார் எப்படிப் பேசினார் என்று குறிப்பார். முகநிலைக்கு நேர் ஐந்திலிருந்து மறை ஐந்துவரை புள்ளி உண்டு. சாட்சி சொல்ல முடியாதவர்களுக்காக, பக்கத்தில் இருந்து பார்த்துச் சாட்சியம் எழுதும் முறை இது.

அட்டாளைச்சேனை ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்தில், வகுப்பறையின் பின்வாங்கில் இருந்து கற்பித்தலை அவதானித்துப் படிவம் நிரப்பியவன் நான். இந்த முறை எனக்குப் பழக்கமானதாகவே தோன்றியது. பிறத்தியாருடைய இல்லத்தை இதனால் அளக்குமுன் நமது வீட்டை அளந்து பார்த்தால் என்ன என்று ஒரு யோசனை வந்தது. ஒரு சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தங்கச்சியின் வீட்டு மண்டபத்தில், ஒரு கொப்பியோடு இருந்தேன். இரண்டு மணிவரை ஆறு மணித்தியாலம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வரியாக 72 வரிகள்.

முடிவை உள்ளபடி எழுதுகிறேன். 72 வரிகளில் 13 வரிகளில்தான் உம்மாவிடம் யாராவது பேசியிருந்தார்கள். அந்தப் பதின்மூன்றில் எட்டு, 'இரிங்க, எழும்பாதீங்க, வாயத் திறங்க' என்ற வகையான கட்டளைகள். மூன்று, அவருடைய கேள்விக்குச் சொன்ன பதில்கள். இரண்டு, ஏழு வயதுப் பேத்தி வந்து காட்டிப்போன சித்திரமும் பொம்மையும். மேலும் ஐந்து வரிகளில், அவருக்கு முன்னாலேயே அவரைப் பற்றி வந்தவர்களோடு பேச்சு நடந்தது. உம்மாவின் முகம் தெளிந்திருந்தது தொடர்ச்சியாக நான்கு வரிகளில் மட்டும். பக்கத்து வீட்டுப் பெண் சிக்கலான நூலொன்றைக் கொண்டுவந்து மடியில் போட, அவர் இருபது நிமிடம் குனிந்த தலை நிமிராமல் அதைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

இதை வைத்துத் தங்கச்சியைக் குறைசொல்ல முடியாது. அதே ஆறு மணித்தியாலத்தில் அவள் சமைத்தாள், இரண்டு தடவை படுக்கைவிரிப்புக் கழுவினாள், உம்மாவைக் குளிப்பாட்டினாள், பிள்ளைகளை வகுப்புக்கு அனுப்பினாள். அவள் இருந்தது ஒரே ஒரு வரியில். உம்மாவிடம் பேச நேரமில்லாமல் உம்மாவுக்காகவே உழைத்துக்கொண்டிருந்தாள். கொப்பியை மூடும்போதுதான் எனக்கு ஒன்று தெரிந்தது. அந்த 72 வரிகளில் எதிலும் நான் இல்லை. பெற்ற மகன், ஆறு மணித்தியாலம், உம்மாவின் பக்கத்தில் பேனையோடு இருந்திருக்கிறேன். அவதானிப்பவர் குறுக்கிடக்கூடாது என்பது விதி. அந்த விதியை நான் எத்தனையோ வருடமாகக் கடைப்பிடித்து வந்திருக்கிறேன்.

முதியோர் இல்லம் என்றாலே அது மேற்கத்தேயப் பழக்கம், நமக்கு ஆகாது என்று நமது மேடைகளில் பேசப்படுகிறது. வரலாறு அப்படிச் சொல்லவில்லை. 1284இல் சுல்தான் கலாவூன் கெய்ரோவில் கட்டிய மருத்துவமனை வக்பு வருமானத்தில் இயங்கியது. மனநோயாளருக்கும் அங்கே இடமிருந்தது. நோயுற்றவரை, வீடு தாங்காதபோது, சமூகம் பொறுப்பேற்பது நமது மரபில் உள்ளதுதான். அதைப்போலவே மேற்பார்வையும் மரபில் உண்டு. முஹ்தஸிப் என்ற அதிகாரிக்கு வழிகாட்டியாக 12ஆம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரி எழுதிய கைந்நூல், தராசையும் ரொட்டிக் கடையையும் மட்டுமல்ல, வைத்தியர்களையும் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் ஆசிரியர்களையும் கண்காணிக்கச் சொல்கிறது. எதிர்பாராத நேரத்தில் போய்ப் பார்ப்பது அந்தப் பணியின் அடிப்படை.

நமது நாட்டில் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. பெற்றோரைப் பிள்ளைகள் புறக்கணிக்கலாகாது என்கிறது. முதியோருக்குத் தங்குமிடப் பராமரிப்பு வழங்கும் நிலையங்கள் பதிவு செய்யப்பட வேண்டும் என்கிறது. இவை அவசியமானவை. ஆனால் தாமாக முறையிடுவதற்கு முறைப்பாடு நினைவில் இருக்க வேண்டும். கொழும்பில் 2001இல் ஆரம்பிக்கப்பட்ட லங்கா அல்ஷைமர் மன்றம் பகல்நேர நிலையமொன்றை நடத்துகிறது. காலையில் கொண்டுவந்து விட்டு, பகலில் கூட்டிப்போகும் ஏற்பாடு. வீட்டுக்கும் இல்லத்துக்கும் இடையில் இப்படியொரு வழியிருப்பது நமது கரையோரத்தில் பலருக்குத் தெரியாது. பள்ளிவாசலும் கோயிலும் பெண்கள் சங்கங்களும் இருக்கும் ஊர்களில், வாரத்தில் இரண்டு பகல் ஒரு மண்டபத்தைத் திறந்து வைப்பது முடியாத காரியமல்ல. என் தங்கச்சி போன்றவர்கள் அந்த இரண்டு பகலும் நிம்மதியாகத் தூங்கலாம்.

என்றோ ஒருநாள் மறதிநோயாளருக்கான இல்லமும் இங்கே வரும். வரட்டும். வரும்போது அங்கே கேட்க வேண்டிய கேள்விகளை நாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும். கட்டணத்தையும் தரையையும் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, 'வீட்டுக்குப் போகணும் என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்' என்று கேளுங்கள். போன வருடம் இருந்த வேலையாட்களில் எத்தனைபேர் இன்னும் இருக்கிறார்கள் என்று கேளுங்கள்; ஆட்கள் மாறிக்கொண்டே இருந்தால், யார் கொண்டக்டர், யார் தறிக்காரி என்று எவருக்கும் தெரியாது. தூக்க மருந்து யாருக்கு, யார் சொல்லி என்று கேளுங்கள். மாலையில், சொல்லாமல் போங்கள். துடைக்கும் பெண்ணிடம் பேசுங்கள். அவர் முதியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறாரா, கட்டில் இலக்கம் சொல்கிறாரா என்று கவனியுங்கள். போவதற்கு முன் ஒரு நாள், கொப்பியோடு உங்கள் வீட்டு மண்டபத்திலும் இருந்து பாருங்கள்.

உம்மா விடயத்தில் இன்னும் முடிவெடுக்கவில்லை. அந்த இல்லத்தின் விண்ணப்பப் படிவம் என் மேசை லாச்சியில் இருக்கிறது. அதைக் கிழித்தெறியும் யோக்கியதை எனக்கில்லை. கிழித்தால் சுமக்கப்போவது நானல்ல. கடந்த ஐந்து மாதமாக வெள்ளிக்கிழமை பின்னேரம் கல்முனையில் பஸ் மாறி மருதமுனைக்குப் போகிறேன். ஞாயிறு பின்னேரம்வரை உம்மா என் பொறுப்பு. குளிப்பாட்டுவதைத் தங்கச்சிதான் செய்கிறாள். ஊட்டுவதும் இரவில் விழித்திருப்பதும் என்னுடையவை. சிக்கலாக்கிய நூலைப் பையில் கொண்டுபோகிறேன். இருவருமாக இருந்து பிரிக்கிறோம். நான் யாரென்று அவருக்குத் தெரியாது. போன கிழமை, நூலைப் பிரித்துக்கொண்டே, "நீங்க யார்ர மகன்?" என்று கேட்டார். உம்மாவின் பெயரைச் சொன்னேன். "நல்ல மனிசி. எனக்குத் தெரியும்" என்றார்.